முதுகுப் பக்கத்துப் புள்ளி

புள்ளி எப்போதும் தங்கைக்குப் பின்னால்தான் விழுந்தது.

அதுதான் அக்காவை உறுத்தியது. பிழை என்றால் நாலா பக்கமும் சிதற வேண்டும்; ஒரு முறை முன்னால், ஒரு முறை இடப்பக்கம், ஒரு முறை சுவருக்குள்ளேயே. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் அலாரம் மாட்டியே வயதைக் கழித்தவளுக்கு இது தெரியாதா என்ன? ஆனால் இந்த வார்டின் வரைபடத்தில், தங்கை எந்தப் பக்கம் நடந்தாலும், பச்சைப் புள்ளி அவள் முதுகுப் பக்கமாகவே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே விடாத மழை. நோயாளிகளை வேறு கட்டடத்துக்கு மாற்றியிருந்ததால் வார்டு காலியாகக் கிடந்தது. புதுப் பெயிண்ட் நெடிக்கு அடியில், எத்தனை கழுவினாலும் போகாத மருந்து வாசனை மெலிதாக வந்துகொண்டே இருந்தது. நர்ஸ் அறையின் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் கம்ப்யூட்டரோடு இவள். அந்தப் பக்கம் நீளமான, வெளிச்சம் குறைந்த நடைக்கூடம். அதன் தரையில் வெள்ளை டேப்பால் போட்ட பெருக்கல் குறிகள். தங்கை எச்சரிக்கைப் பொத்தானைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு குறியிலும் போய் நின்று கையைத் தூக்குவாள். பொத்தான் அனுப்பும் சிக்னலைக் கூரையிலிருக்கும் ரிசீவர்கள் வாங்கி இடத்தைச் சொல்லும். குறிக்கும் புள்ளிக்கும் எவ்வளவு தூரம் என்று இவள் பார்ப்பாள்.

"அக்கா, இப்ப சரியா காட்டுதா?" வாக்கி-டாக்கியில் தங்கையின் குரல்.

"இன்னும் நாலடி தள்ளிக் காட்டுது."

"காலைல பத்தடின்னே. பரவால்ல, நீயும் தேறிட்டு வர்றே."

நாளைக்குத் தங்கை இதே வார்டில் நர்ஸாகச் சேர்கிறாள். போன மாதம் இங்கே ஒரு நர்ஸ் இந்தப் பொத்தானை அழுத்தினாள். திரை பக்கத்து அறையைக் காட்டியது. காவலர்கள் அங்கே ஓடினார்கள், அறை காலி. அவர்கள் திகைத்து நிற்கும்போதே புள்ளி மெல்ல நகர்ந்து சரியான அறைக்கு வந்ததாம். கதவை உடைத்துப் பார்த்தபோது அந்தப் பெண்ணுக்கு உயிர் இல்லை. உள்ளே வேறு யாரும் இல்லை. பழி முழுக்கக் கருவியின் தலையில் விழுந்தது. தங்கைக்கு அப்படி ஒன்று ஆகிவிடக் கூடாது என்றுதான் லீவு நாளில் உட்கார்ந்து ரிசீவர்களைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

சரிசெய்யச் சரிசெய்யப் பிழை குறைந்தது. பத்தடி ஏழானது, ஏழு நாலானது. அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகுதான் உறைத்தது: கடைசியாகப் பார்த்த குறிகளுக்கு அவள் எதையுமே மாற்றவில்லை. அப்படியும் குறைந்திருந்தது.

சிக்னல் எதிலாவது மோதித் திரும்பினால், ஒரே பொத்தான் இரண்டு இடத்திலிருந்து கூப்பிடுவதுபோல் தெரியும். அந்த எதிரொலியையும் நிஜத்தையும் கலந்து, இரண்டுக்கும் நடுவில் ஒரே புள்ளியாகக் காட்ட வைப்பது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். திரை துள்ளாமல் அழகாக இருக்கும். அவளும் அப்படித்தான் வைத்திருந்தாள். இப்போது அந்தக் கலப்பை நிறுத்தினாள்.

இரண்டு புள்ளிகள்.

ஒன்று தங்கை நின்ற குறியின்மேல், மயிரிழை பிசகாமல். மற்றொன்று எட்டடி பின்னால். சுவரில் மோதிய எதிரொலி என்றால் சுவரோரம் விழும். இது நடைக்கூடத்தின் நட்டநடுவில் நின்றது. சிக்னல் மோதித் திரும்ப அங்கே ஏதாவது இருந்தாக வேண்டும். கண்ணாடி வழியே பார்த்தாள். தங்கைக்குப் பின்னால் வெறும் தரைதான் இருந்தது.

தங்கை இவள் பக்கம் திரும்பினாள். திரையில் இரண்டாவது புள்ளி அவளைச் சுற்றிக்கொண்டு போய், மறுபடி முதுகுப் பக்கம் நின்றது.

கருவி நன்றாகிக்கொண்டு வரவில்லை. பின்னால் நிற்பதுதான் நெருங்கிக்கொண்டு வருகிறது. காலையிலிருந்து.

"ஏன் பேச மாட்டேங்கறே?"

"ஒண்ணுமில்ல. இங்க வந்துடு. என்னைப் பாத்து நேரா நட."

"இன்னும் ரெண்டு குறி பாக்கி இருக்கே. சரி, இதைக் கழட்டிடவா? கழுத்தை அறுக்குது."

கழற்றினால் இரண்டு புள்ளியும் தங்கையை விட்டுப் போய்விடும். அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

"வேண்டாம். கழட்டாதே."

தங்கை நடந்தாள். செருப்பு ஈரத்தரையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம். ஒரு ஜோடிச் செருப்பின் சத்தம்தான். ஆறடி. மழை ஓங்கியது. ஐந்து.

"அக்கா, பிடரியில சில்லுனு இருக்கு. ஏசி போட்டியா?"

"வேகமா வா."

வேகமாக வந்தாள். அதுவும். மூன்றடி.

"திரும்பிப் பாக்காதே."

சொல்லியிருக்கக் கூடாது. தங்கை நின்றுவிட்டாள். கதவுக்கு வெளியே, முதல் குறியின்மேல். வாக்கி-டாக்கி அவள் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. கண்ணாடிக்கு அப்பால் அவள் முகம். வெளுத்துப்போன முகம்.

இரண்டடி.

ஒன்று.

பிழையே இல்லாமல் ஒரே புள்ளி விழுந்தால் ஒலிக்கட்டும் என்று இவளே வைத்திருந்த சின்ன மணி, இன்று முதல் முறையாக, கம்ப்யூட்டரில் இனிமையாக அடித்தது. திரையில் ஒரே புள்ளி. குறியின்மேல். மிகச் சரியாக.

இவள் கை கதவின் கைப்பிடியில் இருந்தது. திறக்க முடியவில்லை. எடுக்கவும் முடியவில்லை.

"இப்ப சரியா காட்டுதா, அக்கா?"

மேஜைமேல் இருந்த வாக்கி-டாக்கியில் கேட்டது. தங்கையின் உதடு அசையவில்லை.

அவள் வழக்கம்போல் கையைத் தூக்கினாள். அவள் தோளுக்குப் பின்னாலிருந்து, மெதுவாக, இன்னொரு கையும் எழுந்தது.