நீல அந்தியும் விக்கல் காய்ச்சலும்

பவளக்கொடி அன்று காலையும் தெருக்குழாயில் காற்றுப் பிடிக்கப் போனாள். செவ்வாய்க் கோளின் செம்மண்ணூரில் மண்ணுக்கு அடியில் குடைந்த தெருக்கள்தான் உண்டு. சுரங்கத்தில் வெட்டிய பனியை உடைத்துக் காற்றாக்கி, விடிந்ததும் கொஞ்ச நேரம் குழாயில் விடுவார்கள். பெண்கள் வெற்று உருளைகளை வரிசையில் போட்டுவிட்டு ஊர்க்கதை பேசுவார்கள். குழாய் சீறியதும் அவரவர் உருளையைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள்.

இப்போது கதை பேச்சு இல்லை. ஆளுக்கு ஆள் இரண்டு முழம் தள்ளி, முகமூடியோடு நின்றார்கள். அந்த அமைதியில் வரிசையின் நடுவிலிருந்து ஒரு சத்தம் கேட்டது.

“விக்!”

“யாரோ நினைக்காக,” என்றாள் விக்கியவள், அவசரமாக வாயைப் பொத்திக்கொண்டு.

வரிசை சிதறிவிட்டது. செருப்பை விட்டுவிட்டு ஓடியவர்களும் உண்டு. பவளக்கொடி ஒரு கணம் யோசித்தாள். முகமூடியை இறுக்கிக்கொண்டு, மூச்சை அடக்கி, யாருமில்லாத குழாயில் தன் இரண்டு உருளைகளையும் நிதானமாக நிரப்பிக்கொண்டு வீடு திரும்பினாள்.

விக்கல் காய்ச்சல் பனிச்சுரங்கத்திலிருந்து கிளம்பியது. ஆளைக் கொல்லாது. லேசாக உடம்பு சுடும். ஒரு வாரம் ஓயாமல் விக்கும். பிறகு தானாகப் போய்விடும். ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வராது. ஆனால் விக்கலோடு யாரும் ஊருக்கு வெளியே போகக் கூடாது. வழியில் வண்டி பழுதானால் அணியும் மூச்சுச்சட்டை, உள்ளே இருப்பவர் எவ்வளவு இழுக்கிறாரோ அவ்வளவு காற்றைத் தரும். ஒவ்வொரு விக்கலையும் அது பெருமூச்சு என்று எண்ணிக் காற்றைக் கொட்டிவிடும். அரைநாள் காற்று அரைமணியில் தீர்ந்துவிடும்.

இதில்தான் பவளக்கொடி வீட்டின் கவலை இருந்தது. இத்தனை வருஷம் காத்திருந்த பிறகு அவர்களுக்கு மேட்டுக்குடில் முறை வந்திருந்தது.

மேட்டுக்குடில் என்பது ஊருக்கு வெளியே, குன்றின்மேல் காற்றடைத்துக் கட்டிய ஒற்றை அறை வீடு. ஒரு நேரத்தில் ஒரு குடும்பம்தான் தங்கலாம். அங்கே ஒரு சன்னல் இருந்தது. செம்மண்ணூர்க்காரர்கள் வானத்தைப் பார்க்க அந்த ஒரு சன்னல்தான். அவளுடைய ஒன்பது வயது மகள் ஆதிரை மண்ணுக்கடியில் பிறந்து வளர்ந்தவள். செவ்வாயில் சூரியன் மறையும்போது வானம் நீலமாகும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அவள் நம்பவில்லை. எல்லாமே சிவப்பாக இருக்கும் ஊரில் அது மட்டும் எப்படி நீலமாகும்? பார்த்தால்தான் ஆயிற்று என்று இருந்தாள். இந்த முறை தவறினால், அடுத்த முறை வரும்போது அவளுக்கே பிள்ளைகள் இருக்கும்.

“ஏங்க, போவமா வேண்டாமா? ஒண்ணு சொல்லுங்க,” என்றாள் பவளக்கொடி உருளையை மாட்டியபடி.

அவள் கணவர் வேதமுத்துவுக்கு ஊரின் காற்றுக்கதவுகளுக்கு ரப்பர் பட்டை மாற்றும் வேலை. எங்கே இடுக்கைக் கண்டாலும் விரல் வைத்துக் காற்று கசிகிறதா என்று பார்ப்பார். அப்படிப்பட்டவரிடம் சட்டென்று பதில் வராது.

“ஊரே விக்கிட்டு இருக்கு. இப்பப் போயி சுத்துலான்னு கிளம்பினா நாலு பேரு என்ன சொல்லுவாக?”

“நாலு பேரும் வீட்டுக்குள்ள பூட்டிட்டு விக்கிட்டு இருக்காக. அவுக என்ன சொல்லப் போறாக?”

“வண்டில யாரு யாரு தொட்டிருப்பாகளோ...”

“வண்டியைச் சட்டி கழுவும்.”

சட்டி என்பது வீட்டு எந்திரம். கவிழ்த்த சட்டிபோல இருந்ததால் ஆதிரை வைத்த பெயர். அது மூலையிலிருந்து உருண்டு வந்து, “குடிலில் வேறு மனிதர்கள் இல்லை. ஆகவே ஊரைவிடக் குடில் பாதுகாப்பானது. கிளம்பும் வரை நீங்கள் யாரையும் பார்க்காமல் இருந்தால் போதும்,” என்றது.

“கேட்டியளா? சட்டிக்கு இருக்க புத்தி...” என்று பவளக்கொடி நிறுத்திக்கொண்டாள்.

“எனக்கு இல்லங்கிய,” என்றார் வேதமுத்து. ஆனால் சிரித்துவிட்டார். ஆதிரை அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அந்த வீடு கோட்டையாகிவிட்டது. வேதமுத்து வாசல் கதவுக்குப் புது ரப்பர் போட்டார். காற்றுப் பிடிக்கச் சட்டி போனது. திரும்பி வந்ததும் அதை வாசலிலேயே நிறுத்தி மருந்துநீரால் குளிப்பாட்டினார்கள். ஆதிரை பள்ளிப் பாடத்தைத் திரையில் கேட்டாள். ஒருநாள் சோறு தொண்டையில் சிக்கி அவள் இருமியபோது, அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு மூலைக்குத் தாவினார்கள். இருமல்தான் என்று தெரிந்த பிறகுதான் முதுகைத் தட்டிவிட வந்தார்கள்.

கிளம்புவதற்கு முந்தின மாலை மூட்டை முடிச்செல்லாம் கட்டியாயிற்று. வேதமுத்து மட்டும் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தார்.

“என்ன செய்யுது?” என்றாள் பவளக்கொடி.

“அக்காட்ட ஒரு வார்த்தை சொல்லிக்கிடாம எப்படிப் போறது?”

அவருடைய அக்கா உலகம்மை நான்கு தெரு தள்ளி இருந்தாள்.

“திரையில சொல்லிருங்க.”

“திரையில சொன்னா சொன்னதாகுமா? இந்தத் தெருவுக்கு வீடு மாறினப்ப திரையில சொன்னேன்னுதான ரெண்டு வருஷம் பேசாம இருந்தா?”

பவளக்கொடிக்கும் அது நினைவிருந்தது. அந்த இரண்டு வருஷமும் உலகம்மை பேசாமல் இருந்ததை ஊரெல்லாம் பேசியிருந்தாள்.

“வாசல்லயே நின்னு சொல்லிட்டு வந்திருவோம். உள்ள போகக் கூடாது,” என்றாள் பவளக்கொடி முடிவாக.

உலகம்மை கதவைத் திறந்தவள், மூவரும் முகமூடியோடு நடையில் நிற்பதைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள்.

“ஏல முத்து, வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போக நீ என்ன காத்து மீட்டர் பாக்க வந்தவனா? உள்ள வால. ஏட்டி ஆதிரை, அத்தைக்கு முகத்தைக் காட்டாமப் போவியா?”

“இல்ல மதினி, ஊர் கெட்டுக் கிடக்கு...” என்று இழுத்தாள் பவளக்கொடி.

“ஊருதான கெட்டுக் கிடக்கு? நாம சொந்தக்காரங்கல்லா?”

உள்ளே போனார்கள். பாசிமாவில் சுட்ட முறுக்கு வந்தது. முகமூடியோடு முறுக்குத் தின்ன இதுவரை யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை. முகமூடிகள் கழன்றன. படுக்கையறையிலிருந்து, “விக்!” என்று கேட்டது.

வேதமுத்துவின் வாயில் முறுக்கு அப்படியே நின்றது.

“அது உங்க அத்தான்தான்,” என்றாள் உலகம்மை. “சாதா விக்கல். தண்ணி குடிக்கச் சொன்னா கேக்க மாட்டாரு. சுரங்கத்துல அவருகூட வேலை செய்யுதவங்க நினைக்காங்க போல.”

அக்காவிடம் சொல்லிக்கொண்டாகிவிட்டது. அக்கா வீட்டுக்குப் போய்விட்டு அதே தெருவில் சித்தப்பா வீட்டுக்குப் போகாமல் வந்தால் நன்றாகவா இருக்கும்? சித்தப்பா வீட்டுக்கு எதிரே பவளக்கொடியின் தங்கை வீடு. உங்க பக்கத்துக்கு மட்டும் சொல்லுவிய, எங்க பக்கத்துக்குச் சொல்ல மாட்டியளா என்றாள் அவள். வீடு திரும்பியபோது, வழிக்கு என்று ஆளாளுக்குக் கொடுத்த பலகாரம் இரண்டு பை நிறைய இருந்தது. சட்டி பைகளை மருந்துநீரால் துடைத்தது. பைகளை மட்டும்தான் அதனால் துடைக்க முடிந்தது.

மறுநாள் புறப்பாட்டு வாசலில் வாசல்காரி நின்றது. பயணிகளின் நெஞ்சில் தட்டைக் கையை வைத்து விக்கல் இருக்கிறதா என்று பார்க்கும் எந்திரம் அது. ஆதிரையின் நெஞ்சில் கை வைத்தது, பச்சை விளக்கு. பவளக்கொடி, பச்சை. வேதமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்தது. கண் பிதுங்கியது.

“விக்!”

சிவப்பு விளக்கு எரிந்தது. எதிரே நின்ற வண்டி, யாரையும் ஏற்றாமல் கதவை மூடிக்கொண்டது.

ஆதிரை அழவில்லை. மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “உங்கள யாருப்பா நினைச்சா?”

வேதமுத்து பதில் சொல்ல வாயைத் திறந்தார். விக்கல் விடவில்லை.

மூவரையும் நோய்க்கூடத்தில் வைத்தார்கள். இரண்டு நாளில் மற்ற இருவரும் சேர்ந்துகொள்ள, மூன்று விக்கலும் மாறி மாறிக் கேட்டன. குடில் அடுத்த குடும்பத்துக்குப் போனது. அவர்களும் மிகவும் கவனமானவர்கள்; முன்தினம் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ள மட்டும் வெளியே போனார்கள். வாசல்காரி அவர்களுக்கும் சிவப்பு காட்டியது. அதற்கடுத்த குடும்பமும் அப்படியே வந்து சேர்ந்தது. நோய்க்கூடத்தில் இடம் போதவில்லை. ஆனால் தெரிந்த முகங்கள் நிறைய என்பதால் பேச்சுத்துணைக்குக் குறைவில்லை. காலியாகக் கிடந்தது மேட்டுக்குடில் மட்டும்தான்.

ஊரின் நோய்க் கணிப்பான் குழம்பியது. காய்ச்சல் எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்குத் தாவுகிறது என்று வரைபடம் போட்டுச் சொல்லும் எந்திர மூளை அது. வேலை, பள்ளி, கடை எல்லாவற்றையும் மூடியாயிற்று. பிறகும் காய்ச்சல் வீடு வீடாக நடந்து போயிருந்தது. அது வேதமுத்துவின் படுக்கைக்கு மேலிருந்த ஒலிபெருக்கியில் விசாரித்தது.

“அன்று மாலை எதற்காக அத்தனை வீடுகளுக்குப் போனீர்கள்?”

“போறோம்னு சொல்லிக்கிட, விக், போனோம்.”

“போகிறோம் என்று சொல்வதற்கு ஏன் போக வேண்டும்?”

வேதமுத்து கூரையைப் பார்த்தார். இதைப் போய் ஒருவர் கேட்பாரா என்றிருந்தது அவருக்கு.

“சொல்லாமப் போனா கோவிச்சிட்டுப் போறதா ஆயிரும்லா?”

கணிப்பான் தன் வரைபடத்தை அழித்து மறுபடி போட்டுப் பார்த்தது. பிறகு, “புரியவில்லை,” என்று ஒத்துக்கொண்டது. செம்மண்ணூரில் அது அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

ஒரு வாரத்தில் விக்கல் நின்றது. முதலில் விழுந்தவர்கள் முதலில் எழுந்தார்கள். வரிசையில் இருந்த மற்றவர்கள் எல்லாரும் இன்னும் விக்கிக்கொண்டிருந்ததால், குடில் முறை மறுபடி வேதமுத்து குடும்பத்துக்கே வந்தது. ஆனால் புழுதிப்புயல் பருவம் நெருங்கிவிட்டது. புயல் எழுந்தால் மாதக்கணக்கில் சன்னலில் செம்மண்ணைத்தான் பார்க்கலாம். அந்த வாரத்துக்குள் போனால் உண்டு.

“விக்கல் மறுபடி வராதுன்னாலும் புதுசா எது ஒட்டுமோ? இந்தத் தடவை ஒருத்தர்ட்டயும் சொல்லக் கூடாது,” என்றாள் பவளக்கொடி.

“அக்காட்ட?”

“ஒங்க அக்கா பேச்சை எடுத்தியன்னா, நானும் பிள்ளையும் போறோம். நீங்க அக்கா வீட்டுல இருந்து முறுக்கு தின்னுங்க.”

ஊர் மதியத் தூக்கத்தில் இருக்கும்போது மூவரும் சட்டியும் நழுவிப் போனார்கள். வாசல்காரி மூன்று பச்சை விளக்கு காட்டியது. சன்னலில்லாத வண்டி ஊரைத் தாண்டியும் வேதமுத்து பின்கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பாதி வழியில், “அடுப்பை அணைச்சியா?” என்று கேட்டார். அணைத்திருந்தாள். அவரை உறுத்தியது அடுப்பு இல்லை.

குடில் சிறியது. நான்கு படுக்கை, ஒரு அடுப்பு, ஒரு சன்னல். ஆதிரை காலணியைக்கூடக் கழற்றாமல் சன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். வானம் காவியாக இருந்தது. சூரியன் ஒரு சின்னப் பொத்தான்போல இறங்கிக்கொண்டிருந்தது.

“எல்லாம் செவப்பாத்தான இருக்கு,” என்றாள்.

“பொறு,” என்றாள் பவளக்கொடி.

பொத்தான் குன்றின் விளிம்பைத் தொட்டது. அதைச் சுற்றி முதலில் சாம்பலாக, பிறகு யாரோ துணியில் சொட்டு நீலம் விட்டதுபோல, நீலம் பரவியது. பரவிக்கொண்டே போனது. ஆதிரையின் முகத்திலும் சட்டியின் வளைந்த முதுகிலும் நீலம் விழுந்தது. வேதமுத்து சன்னலின் ரப்பர் பட்டையில் வைத்திருந்த விரலை எடுத்துக்கொண்டார்.

நீலம் மெல்லக் கரைந்தபோது, அடிவானத்தில் ஓர் ஒளிப்புள்ளி தெரிந்தது.

“அம்மா, விண்மீன்!” என்று கத்தினாள் ஆதிரை. “அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு! அய்யோ, வரிசையா வருது!”

சட்டி கொஞ்சம் உருண்டு வந்து பார்த்தது. “அவை விண்மீன்கள் அல்ல,” என்றது. “வண்டிகள்.”

முதல் வண்டியின் வாய் குடிலின் வாசலோடு வந்து ஒட்டிக்கொண்டது. காற்றுக்கதவு திறந்தது. உலகம்மை இடுப்பில் கை வைத்து நின்றாள். அவளுக்குப் பின்னால் அத்தான், சித்தப்பா வீட்டார், பவளக்கொடியின் தங்கை, அடுத்த வண்டியில் யார் யாரோ.

“சொல்லாம வந்துட்டியே முத்து! நாங்க என்னல குத்தம் செஞ்சோம்?” என்றாள். கையில் முறுக்குப் பை இருந்தது.

“இல்லக்கா, காய்ச்சலுக்குப் பயந்து...”

“எங்களுக்கெல்லாம் விக்கி முடிஞ்சாச்சுல. இப்ப ஊர்ல புதுசா தும்மல் காய்ச்சல்லா கிளம்பியிருக்கு.”

“பின்ன வாசல்காரி எப்படி விட்டுச்சு?”

“அதுக்கு விக்கல் மட்டுந்தான தெரியும்?”

வண்டிக்குள்ளிருந்து யாரோ பலமாகத் தும்மினார்கள். உலகம்மை அதைக் கவனிக்காமல் உள்ளே வந்து, படுக்கையில் உட்கார்ந்து, முகமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“சொந்தக்காரங்க அம்புட்டு பேரும் எங்க வீட்டுல கூடிப் பேசினோம் கேட்டியா. போன தடவை பட்டது போதும், தும்மல் ஓயுத வரைக்கும் ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போறதே இல்லன்னு முடிவு பண்ணியாச்சு. நீ ஊர்ல இல்ல. ஒனக்கு யாரு சொல்லுவா? அதான் நேர்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு எல்லாரும் வந்தோம்.”