சூடு ஆறாத பொம்மை

காலையில் அச்சைப் பிரித்தபோது பொம்மை சூடாக இருந்தது.

கொதிக்கிற சூடு இல்லை. தூங்கி எழுந்த பிள்ளையின் கன்னத்தைத் தொட்டால் கையில் படுமே, அந்தச் சூடு. தையல்காரி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிளாஸ்டர் மாவைத் தண்ணீரில் கரைத்து அச்சில் ஊற்றினால், இறுகும்போது தானாகச் சூடேறும் என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்திருந்தார். ஆனால் அவள் ஊற்றியது முந்தின நாள் சாயங்காலம். அதன் பிறகு விடாத மழை. ஜன்னல் திட்டில் கிடந்த கத்தரிக்கோலைத் தொட்டால் விரல் சில்லிட்டது. அச்சின் இரண்டு பாதிகளும் அப்படியே சில்லென்று இருந்தன. அவற்றுக்கு நடுவில் கிடந்த பொம்மை மட்டும் ஆறவில்லை.

கடைக்காரருக்குப் போன் போட்டாள். இறுகி முடிந்த கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும், இப்படி மறுநாள்வரை சூடு நின்று தான் பார்த்ததே இல்லை என்றார் அவர். அடுப்புப் பக்கம் வைத்திருப்பீர்கள் என்று ஒரு காரணத்தையும் அவரே கண்டுபிடித்துக் கொடுத்தார். அவளும் ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டாள். அடுப்பு வீட்டின் அந்தக் கோடியில் இருந்தது.

திரைச்சீலை தைப்பது அவள் தொழில். ஜன்னலுக்கும் கதவுக்கும் நேர்கோடாகவே தைத்துத் தைத்து, வளைவாக எதையாவது செய்து பார்க்கக் கை ஊறியதோ என்னவோ, மகளின் படப்புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு டைனோசர் செய்யக் கிளம்பிவிட்டாள். கம்பியை வளைத்து எலும்புக்கூடு, அதன்மேல் களிமண். புருஷன் தபால்காரர், தெருத்தெருவாக நடந்து அலுத்து வந்தவர் முதல் உருப்படியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஆட்டுக்கு எதற்கு இத்தனை பல் என்று கேட்டார். ஒன்பது வயது மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். அவள் டைனோசர் வாத்தியாராகவே ஆகிவிட்டாள். கையில் இரண்டு விரல்தான் இருக்க வேண்டும், வாலைத் தரையில் இழுபடவிடக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அம்மாக்காரி மூன்றாவது விரலைக் கிள்ளி எறிந்தாள், வாலைத் தூக்கி நிமிர்த்தினாள்.

மூன்றாவது உருப்படி தேறியது. முழ நீளம், பின்னங்கால்களில் நின்றது. தோல்தான் சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருந்தது. என்ன செய்யலாம் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, நாற்காலியில் காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்திருந்த புருஷனின் குதிகால் கண்ணில் பட்டது. பாளம் பாளமாக வெடித்து, நூற்றுக்கணக்கான கோடுகள் ஓடிய குதிகால்.

"என் காலைப் பாத்தா உனக்கு டைனோசர் ஞாபகம் வருதா?" என்றார் அவர்.

"ஒப்பிட்டுத்தாங்க பாத்தேன். டைனோசர் கொஞ்சம் வழவழப்பு."

சிலை செய்கிறவர்களாக இருந்தால் கசக்கிய தாளையோ பழத்தோலையோ களிமண்மேல் ஒற்றி எடுத்திருப்பார்கள். இவளுக்குத் தெரிந்தது துணி வேலை. களிமண்ணைத் துணிபோல மெல்லியதாகத் தேய்த்து, குதிகாலில் அழுத்திப் பதித்து, உரித்தெடுத்து, அளந்து வெட்டி, பொம்மையின் முதுகிலும் காலிலும் உறை போடுவதுபோலப் போர்த்தினாள். ஓரத்தில் தையலுக்கு விடுகிற இடம்கூட விட்டாள். கழுத்துக்குத் தன் முழங்கையின் சுருக்கம் பொருத்தமாகப் பட்டது. அது முடிந்ததும் வாலு வந்து மடியில் தலை வைத்துப் படுத்தாள்.

"கண்ணுக்கு என்னோடத எடுத்துக்கோம்மா."

மூடிய இமைகள்மேல் பொத்தான் அளவுக்கு இரண்டு களிமண் வட்டங்கள். தோலில் எண்ணெய் தடவிக்கொண்டுதான் பதிவெடுக்க வேண்டும் என்று படித்திருந்தாள். தடவவில்லை. தடவினால் நுணுக்கமான கோடுகள் மழுங்கிப்போகும் என்று அவளுடைய கைப்பழக்கம் சொன்னது. அதனால் உரித்தபோது களிமண் தோலைக் கொஞ்சம் பிடித்து இழுத்து, பிறகு மனசில்லாமல் விட்டது. கூசுதும்மா என்று வாலு சிரித்தாள். பொம்மையின் முகத்தில் கண்ணே வைக்கவில்லை. வெறும் குமிழ்மேல் அந்த மூடிய இமைகளை ஒட்டினாள். தூங்குகிற டைனோசர். அழகாகத்தான் இருந்தது. அதன்மேல் அச்சு எடுத்து, சாயங்காலம் அந்த அச்சில் பிளாஸ்டரை ஊற்றி வைத்தாள்.

குதிகால், முழங்கை, இமை. அந்த வரிசையில்தான் எடுத்தாள்.

அச்சைப் பிரித்த அந்தக் காலையில், குளித்துவிட்டு வந்த தபால்காரர் ஈரக்காலோடு அறைக்குள் நடந்தார். தரையில் விழுந்த தடத்தில் விரல்கள் இருந்தன, பாதம் இருந்தது, குதிகால் இருக்கவேண்டிய இடத்தில் கண்ணாடி டம்ளரை வைத்து எடுத்ததுபோல வெறும் வட்டம். ராத்திரி நான் தூங்கினப்புறம் என்ன மருந்து தடவினாய் என்று கேட்டு, காலைத் தூக்கிக் காட்டினார். ஒரு வெடிப்பு இல்லை. அவருக்கு ஒரே சந்தோஷம். அவள் குனிந்து பார்த்தாள். வெடிப்பு மட்டுமா இல்லை? ரேகை இல்லை. காய்ப்பு இல்லை. உரித்த முட்டை மாதிரி இருந்தது. அவர் குடையைப் பிரித்துக்கொண்டு வாசற்படியில் கால் வைத்தார், சறுக்கினார், கதவைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டு போனார்.

மழைக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை. வாலு படுக்கையறையில் தரையில் குப்புறப் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். தையல்காரி மெஷின் முன்னால் உட்கார்ந்து நூலைக் கோக்கப் போனாள். கை ஊசிவரை வரவில்லை. முழங்கை பாதி மடங்கி நின்றுவிட்டது. வலி இல்லை, மடங்க இடமில்லை, அவ்வளவுதான். கண்ணாடியில் திருப்பிப் பார்த்தாள். நேற்றுவரை அங்கே இருந்த சுருக்கம் ஒன்றுகூட இல்லை. பஞ்சை அளவுக்கு மீறித் திணித்துத் தைத்த தலையணைபோலத் தோல் விறைத்துக்கொண்டு மினுமினுத்தது.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வெளியே தகரக் கூரையில் மழை, உள்ளே ஈரத் துணியும் மெஷின் எண்ணெயும் கலந்த வாடை, மேஜைமேல் தூங்குகிற முகத்தோடு அந்தப் பொம்மை. துணிக்கு எதற்கு மடிப்பு வைக்கிறோம் என்று இந்த ஊரில் அவளைவிடத் தெரிந்தவர் யார்? விரியத்தான். சுருங்கத்தான். மடிப்பில்லாத திரை திறக்காது.

இமையும் ஒரு மடிப்புதான்.

எழுந்து ஓடினாள். வாலு நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு கண்களும் நன்றாகத்தான் இருந்தன. இமைக்கு மேலே அந்த மெல்லிய கோடு இருந்தது. ஏம்மா இப்படிப் பார்க்கிறாய் என்று கேட்டாள் பிள்ளை. சும்மா என்றாள் இவள். சும்மா என்று சொன்ன குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

மதியம் சாப்பிட வந்த தபால்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் அவளுடைய முழங்கையைத் தொட்டுப் பார்த்தார். முகம் கொஞ்சம் மாறியது. ஆனால் மகளின் முகத்தைக் கையில் ஏந்திப் பார்த்ததும் தெளிந்துவிட்டார். களிமண்ணோ பிளாஸ்டரோ ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கும், மீதித் தபாலைக் கொடுத்துவிட்டு வருகிறேன், சாயங்காலம் மூன்று பேரும் டாக்டரிடம் போவோம் என்றார். இப்போதே போகலாம் என்றாள் இவள். நல்லா இருக்கிற கண்ணைக் காட்டி என்னவென்று சொல்வாய் என்று கேட்டார் அவர்.

அவர் கை கழுவப் போன நேரத்தில் அவள் தையல் அறைக்குள் வந்தாள். உடைத்துவிடலாம் என்று சுத்தியலை எடுத்தாள். எடுத்தவளுக்கு என்னவோ தோன்றியது. சுத்தியலை வைத்துவிட்டு ஒரு ஊசியை எடுத்து, பொம்மையின் முதுகில், அந்த வெடிப்புகளுக்கு நடுவில் லேசாக அழுத்தினாள். பிளாஸ்டர் சதைபோல அமுங்கிக் கொடுத்தது.

"ஏய், இங்க ஊசி ஏதாச்சும் போட்டு வெச்சிருக்கியா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "குதிகால்ல குத்திடுச்சு பாரு."

போய்ப் பார்த்தாள். சமையலறைத் தரை துடைத்து விட்டதுபோல் சுத்தமாக இருந்தது. அவர் தூக்கிப் பிடித்திருந்த காலில், அந்த வழவழப்பின் நடுவில், ஒரு சொட்டு ரத்தம்.

உடைக்க முடியாது. அது தெரிந்துபோயிற்று. மூலக் களிமண்ணிலிருந்து ஏதாவது திரும்ப எடுக்கலாம் என்றால், அச்சு எடுத்த கையோடு அதைச் சுரண்டி, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, மறுபடியும் உதவுமே என்று உருண்டையாக உருட்டி டப்பாவில் போட்டுவிட்டிருந்தாள். அதில் எது குதிகால், எது கண்? சிக்கனம் பார்க்கிற புத்திக்கு அன்றைக்குத்தானா வேலை?

தபால்காரர் நொண்டிக்கொண்டே போய்விட்டார். மழை இன்னும் வலுத்தது. மதியமே அந்திபோல மங்கிவிட, அவள் வீட்டின் எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டு மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தூங்கவிடக் கூடாது. ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கண் திறந்தே இருந்தால் போதும் என்று இருந்தது. எந்த டைனோசர் பெரியது, எது மாமிசம் தின்னாது, எதற்குக் கொம்பு என்று கேட்டுக்கொண்டே போனாள். வாத்தியார் முதலில் உற்சாகமாகப் பதில் சொன்னார். பிறகு கொட்டாவி விட்டார்.

"கண்ணு கனமா இருக்கும்மா."

"தூங்காத. அந்த நீளக் கழுத்து ஒண்ணு இருக்கே, அது பேரு என்ன?"

"நேத்துதானே சொன்னேன்."

"மறந்துட்டேன்டி. சொல்லு."

"அஞ்சே நிமிஷம்மா."

தோளைப் பிடித்து நிமிர்த்தி உட்கார வைத்தாள். சமையலறைக்குக் கூட்டிப்போய்க் குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவி விட்டாள். துண்டால் ஒற்றும்போது இமைமேல் இருந்த கோட்டைத் தேடினாள். இருந்தது. மெல்லியதாக இருந்தது. காலையில் இருந்ததைவிட மெல்லியதா?

மறுபடி கட்டிலில் உட்கார வைத்தாள். அப்போதுதான் தையல் அறையில் ஏதோ உரசியது.

கரும்பலகையில் சாக்பீஸை மெதுவாக இழுக்கிற சத்தம். நின்றது. மறுபடி இழுத்தது.

கண்ணை மூடாதே, இதோ வந்துவிடுகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனாள். நடையைக் கடந்தாள். தையல் அறையில் விளக்கு எரிந்தது. மெஷின் அதன் இடத்தில். துணிக்கட்டு அதன் இடத்தில். பொம்மை மேஜையில் நின்றது.

முகத்திலிருந்து வெள்ளைத் தூள் உதிர்ந்து மேஜையில் கிடந்தது.

குனிந்தாள். மூடியிருந்த இமைகள் நடுங்கின. கனவு காண்கிற குழந்தைக்கு நடுங்குமே, அப்படி. பிளாஸ்டர் வாடை இல்லை. வாலுவின் தலை எண்ணெய் வாடை.

"அம்மா," என்று படுக்கையறையிலிருந்து குரல் வந்தது. "ஏன் லைட்ட அணைச்ச?"

அவள் திரும்பிப் பார்த்தாள். நடையில் விளக்கு எரிந்தது. படுக்கையறைக் கதவுவழியே வெளிச்சம் தரையில் நீளமாக விழுந்திருந்தது.

"நான் அணைக்கலியே."

"இருட்டா இருக்கும்மா."

"கண்ணத் தொறடா கண்ணு."

"தொறந்துதாம்மா இருக்கேன்."

மகளிடம் ஓட வேண்டும். ஓட வேண்டும் என்றுதான் உடம்பைத் திருப்பினாள். ஓரக்கண்ணில் ஏதோ ஈரமாக மின்னியது.

பொம்மையின் இமைகள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. மெதுவாக. தூள் உதிர. அவள் வெறும் குமிழ் வைத்த இடத்தில் கண் இருந்தது. பழுப்புக் கண். வெளிச்சத்துக்குக் கூசி, நீர் கோத்து, சிமிட்டி, அங்கும் இங்கும் தேடி, கடைசியில் அவள் முகத்தில் வந்து நின்றது.

"ஆங், இப்ப தெரியுது," என்றது படுக்கையறையில் குரல். பிறகு சிரித்தது. "அம்மா, நீ ஏன் இவ்ளோ பெருசா இருக்க?"

அவள் கண்ணில் நீர் வழிந்தது.

"ஏம்மா அழற? இரு, வரேன்."

கட்டில் கிறீச்சிட்டது. சின்னப் பாதங்கள். சுவரைத் தடவிக்கொண்டு வருகிற கை. நடையில். கதவில். அறைக்குள். அவள் திரும்பவில்லை. பொம்மையின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண் அவளை விட்டு விலகி, அவளுடைய தோளுக்குப் பின்னால் போயிற்று. விரிந்தது.

பின்னாலிருந்து ஒரு கை அவள் இடுப்பைத் தடவிப் பிடித்துக்கொண்டது. முதுகில் ஒரு முகம் புதைந்தது. அதன் குரல் மிகவும் மெல்ல, பயந்துபோய்க் கேட்டது:

"அம்மா, மூஞ்சில கண்ணே இல்லாம, என் கவுனப் போட்டுக்கிட்டு உன் பின்னாடி நிக்குதே, அது யாரு?"