உழவுக்கு மேல் ஓடிய சக்கரம்

"நான் தீவனத்த அள்ளிக் கொட்டினதாலதான் மீன் செத்துச்சாம், மேடம். நாளைக்குப் பஞ்சாயத்துல குளத்துக் குத்தகைய ரத்து பண்ணப் போறாங்க."

மீன்குளத்துக்காரி அழவில்லை. செத்த கெண்டை ஒன்றை நீர்ப் பரிசோதகரின் மேசைமேல் வைத்தாள். ஜீப் ஓட்டுநர் அதற்குள் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். துப்பு துலக்குவதில் பரிசோதகரைவிட அவருக்குத்தான் ஆசை அதிகம்.

குளம் முழுக்க மீன்கள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. மேட்டு வயலிலிருந்து ஒரு வாய்க்கால் குளத்தில் இறங்கியது. பரிசோதகர் இரண்டிலும் நீர் எடுத்துச் சோதித்தார்.

"மேட்டு வயல் இந்தம்மாவோட அண்ணனுது. பால்பண்ணை வச்சிருக்கார். சந்தேகமே இல்ல, மேடம்!" என்றார் ஓட்டுநர்.

"சந்தேகம் இல்லேன்னா நமக்கு வேலையே இல்லண்ணே."

பால்பண்ணைக்காரர் வரப்பிலேயே நின்றிருந்தார். "திங்கக்கிழமை சாணிக்கரைசல் விட்டேன். அன்னைக்கே உழுது மண்ணுக்குள்ள மூடிட்டேன். மழை புதன்கிழமைதான். மூடினது எப்படி ஓடும்?"

ஓட்டுநருக்குச் சப்பென்று போயிற்று. பரிசோதகர் வயலோரம் நடந்தார். ஓரிடத்தில் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"உழுத பிறகு வண்டி ஏதும் இறங்குச்சா?"

"இல்ல மேடம்."

பரிசோதகர் மீன்குளத்துக்காரியையும் அருகே அழைத்தார்.

"குளத்தவிட வாய்க்கால் தண்ணியிலதான் மீனக் கொல்ற அம்மோனியா மூணு மடங்கு. கொட்டின தீவனம் மேடேறிப் போகாது. சாணி வண்டி முன்னால போய் கலப்பை பின்னால வந்திருந்தா, வண்டித் தடம் உழவுல அழிஞ்சிருக்கணும். இங்க தடம் உழவுசால் மேல ஏறி ஓடுது. உழவு முதல்ல, சாணி அப்புறம். மேலாப்புல கிடந்தத மழை வழிச்சிட்டுப் போயிடுச்சு."



"உழுது முடிச்ச மறுநாள் சாணித் தொட்டி தளும்பிடுச்சு," என்றார் பால்பண்ணைக்காரர். "மழை வருதுன்னாங்க. கொட்டகைக்குள்ள ஏறிடும்னு பயந்து வயல்ல விட்டுட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாய்க்கால அடைச்சிருப்பேனே, அண்ணா. பயந்து செஞ்சே, சரி. ஆனா தீவனம்னு ஊரெல்லாம் சொன்னது நீதானே?"

பரிசோதகர் எழுதிய அறிக்கையில் அண்ணன் கையெழுத்துப் போட்டார். குத்தகை தப்பியது.

அவள் செத்த மீன்களை அள்ளக் குளத்தில் இறங்கினாள். செருப்பைக் கழற்றிவிட்டு அண்ணனும் இறங்கி, வலையின் மறுமுனைக்குக் கை நீட்டினார். அவள் அதையும் தன் பக்கமே இழுத்துக்கொண்டாள்.