சத்தமின்றி விழுங்கு

வடிகட்டியின் தொடக்கக் கோப்பில் மதுசூதனன் எழுதாத ஒரு பெயர் இருந்தது: பூரணி.

லிந்துலைத் தேயிலைத் தோட்ட ஆபீசுக்கு வரும் மின்னஞ்சல்களில் குப்பையைப் பொறுக்கித் தள்ள, லினக்ஸ் கணினியில் அந்த வடிகட்டியை அமைத்தவன் அவன்தான். தடுத்த கடிதங்களைத் திருப்பி அனுப்பினால் ஆயிரம் கேள்வி வரும் என்று, 'சத்தமின்றி விழுங்கு' என்ற தெரிவைத் தொடக்கத்திலேயே போட்டுவைத்தான். சோம்பல்தான், வேறென்ன? அதற்குக் கீழே தடுக்கவேண்டிய முகவரிகள். கடைசியில் பக்கத்து மேசை டைப்பிஸ்ட் பூரணியின் பெயர். அழித்தான். வடிகட்டியை மறுபடி தொடக்கினான். பெயர் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது.

ஜன்னலில் பகல் மூட்டம் அப்பியிருந்தது. ஃபேக்டரியிலிருந்து வாடும் கொழுந்தின் வாசமும் இயந்திரங்களின் உறுமலும் நனைந்த பலகைச் சுவர் வழியே வந்துகொண்டிருந்தன. இதற்கு நடுவே பூரணி, பெரிய கிளாக்கர் லெட்சுமணன் முன்னால் நின்று ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள், வாய் அசைந்தது, குரல் மட்டும் வரவில்லை. அவள் மேசையில் ஓங்கி அடித்தாள். அந்தச் சத்தம் கேட்டது.

"ஏம்மா மேசையத் தட்டுற? வாயத் தொறந்து சொல்லேன்," என்றார் லெட்சுமணன்.

அவள் வாய் திறந்துதான் இருந்தது.

மதுசூதனன் கணினிப் பக்கம் திரும்பினான். கணினி எழும்போது வடிகட்டி எழவேண்டாம் என்று தெரிவை மாற்றி, கணினியையே அணைத்து மறுபடி போட்டான். திரையில் வரிகள் ஓடின. வடிகட்டி எழுந்தது. கோப்பில் இன்னொரு பெயர்.

மதுரா.

அவன் மகள். சின்னப் பிள்ளை. அவளுக்கு ஏது மின்னஞ்சல்!

அழித்தான். வந்தது. வயரைப் பிடுங்கினான். திரை அணையவில்லை.

ஓடினான். மூட்டம். சறுக்கும் படிகள். குவார்ட்டர்ஸ். உள்ளே ரேடியோ பாடியது. பச்சை விறகு புகைந்தது.

"என்னங்க இந்நேரத்துல? மெதுவா வாங்க." அடுப்படியில் குனிந்திருந்த மனைவி அனோஜா ஊதுகுழலை எடுத்துவிட்டுச் சொன்னாள். "பாப்பா சத்தமே காணோம். தூங்கிருச்சு போல."

அவள் முதுகுக்குப் பின்னால், காற்று அறைந்த அறைக் கதவு. அதன் இடுக்கில் சிக்கிய மதுராவின் விரல்கள். முகம் நீலம் பாரித்திருந்தது. கழுத்து நரம்பு புடைக்க, வாய் அகலத் திறந்திருந்தது. எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாளோ, பாவி மகள்.

கதவைத் தள்ளினான். வாரித் தோளில் போட்டுக்கொண்டான். அனோஜா திரும்பிப் பார்க்காமலே மறுபடி அடுப்பை ஊதத் தொடங்கினாள். அவன் காதோடு ஒட்டி அந்தச் சின்ன வாய் திறந்து திறந்து மூடியது.

சூடான மூச்சு மட்டும் வந்தது.