மார்பில் ஓர் அறியாத சாதனம்

திரும்பக் கண் விழித்தபோது உலகத்தில் பதினாறு நிறங்கள்தான் மிச்சம் இருந்தன. காற்றாலையின் அடியில் இருந்த கருவி அறையின் சுவர், தரை, தன்னுடைய கை எல்லாமே கோகிலவாணிக்குப் பெரிய பெரிய சதுரங்களாகத் தெரிந்தன. பழைய அகநிரலை ஏற்றினால் முதலில் கண் இப்படித்தான் இருக்கும் என்று அது பதிந்திருந்த வில்லையை விற்ற கடைக்காரன் சொல்லியிருந்தான். அதனால் அவள் கலங்கவில்லை.

கலங்கியது அடுத்த நொடியில். பார்வையின் கீழ் ஓரத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம் முளைத்தது.

'அறியாத சாதனம்: மார்பு. பாதுகாப்பு கருதி இது ஒன்பது நிமிடங்களில் நிறுத்தப்படும்.'

வயிற்றுக்குள் சில்லென்று ஏதோ இறங்கியது. இது என்ன என்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை. ஏழு வருடம் கழித்து வந்த விருந்தாளியைப் போல முகமே மறந்திருந்தது. பயம்.

அதைத் தேடித்தான் அவள் இந்தக் காரியத்தில் இறங்கியிருந்தாள். மண்டைக்குள் இருக்கும் அகநிரல்தான் உடம்பில் பொருத்திய கண், காது, விசையிதயம் எல்லாவற்றையும் ஓட்டுகிறது. ஒவ்வொன்றோடும் பேச அதற்கு ஓர் இயக்கி வேண்டும். பதினொன்றாம் பதிப்பு வந்தபோது பயத்தை எடுத்துவிட்டார்கள். ஊரே கொண்டாடியது. பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள், பல் பிடுங்கும் நாற்காலியில் ஆட்கள் அரட்டை அடித்தார்கள். காற்றாலைகளில் மட்டும் ஆட்கள் விழ ஆரம்பித்தார்கள்.

மேலே ஏறுகிறவர்களின் இடுப்பு வாரில் கொக்கி முதுகுப் பக்கம் இருக்கும், தன் கைக்கு எட்டாது. கூட வேலைக்கு வரும் ஜோடிதான் மாட்டிவிட வேண்டும். மாட்டி, முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "பூட்டியாச்சு" என்று சொன்ன பிறகுதான் ஏணியில் கால் வைப்பது. அந்த வழக்கம் பதினொன்றாம் பதிப்போடு மெல்ல நின்றுபோனது. போன மாதம் கூட வேலை பார்த்த பொன்னுச்சாமி கண்ணெதிரே விழுந்தான். அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் மறுநாளே அதே ஏணியில் கொக்கி இல்லாமல் ஏறினாள். வீட்டுக்கு வந்து யோசித்தபோது கணக்கு எங்கோ உதைத்தது. தன் ஜோடி தன் புருஷன் என்பதும் அப்போதுதான் உறைத்தது. பழைய சாமான் சந்தையில் ஆறாம் பதிப்பு வில்லை ஒன்றை வாங்கிவந்தாள்.

"அக்கா, இயக்கி எல்லாம் தனியாத் தேடி வெச்சுக்கிட்டு அப்புறம் ஏத்துங்க" என்றான் கடைக்காரன். தலையை ஆட்டிவிட்டு வந்தாள். பயம் இருந்திருந்தால் தேடி வைத்திருப்பாள்.

இப்போது தேடலாம் என்றால் வலையிணைப்புக்கும் இயக்கி இல்லை. இயக்கியை இறக்க வலை வேண்டும், வலைக்கு இயக்கி வேண்டும். கை நடுங்கியது, இதயம் மட்டும் சுவர்க்கடிகாரம் மாதிரி எழுபத்திரண்டு என்று ஓடிக்கொண்டிருந்தது. சொந்த இயக்கி இல்லாத இதயத்தைத் தற்காலிகமாக ஓட்டும் பொது இயக்கி அதற்கு மேல் ஒரு துடிப்பும் தராதாம். தலை சுற்றியது. சுவரைப் பிடித்தபடி வாக்கி-டாக்கியை எடுத்தாள்.

"ஏனுங்க, கேக்குதுங்களா?"

நூற்றிருபது மீட்டர் உயரத்தில் இருந்த அவள் புருஷன் ஈஸ்வரமூர்த்தி நிதானமாகப் பதில் சொன்னான். "ஸ்பேனர் எடுக்கப் போயி எவ்வளவு நேரம் புள்ள?"

"ஸ்பேனர் இல்லீங்க. நான் பழைய நிரலை ஏத்திப்போட்டேன். நெஞ்சுக்கு இயக்கி இல்லை. எட்டு நிமிசத்துல நின்னுபோயிருமுங்க."

"அப்படியா? ஆறாம் பதிப்பா? அதுல கண்ணு எப்படித் தெரியுது?"

அவளுக்கு அலற வேண்டும் போலிருந்தது. அவன் நல்ல மனுஷன், அவளுக்குக் காய்ச்சல் என்றால் சோறு இறங்காதவன். ஆனால் அவளுக்காகப் பயப்பட அவனிடம் இப்போது சரக்கு இல்லை.

"நான் செத்துருவேனுங்க. உங்க நெஞ்சும் என் நெஞ்சும் ஒரே வகை. உங்ககிட்ட இயக்கி இருக்கு. மணிக்கட்டுக் கம்பி போட்டு ஏத்தலாம். வாங்க."

"செத்துப்போயிட்டா நல்லா இருக்காதே" என்று யோசித்தான். "லிப்ட் நீ எடுத்துட்டுப் போயிட்ட. அது மேல வந்து கீழ எறங்கப் பன்னெண்டு நிமிசம். கயித்துல வந்தா நாலு. இரு, வந்துடறேன்."

நிம்மதியாக மூச்சு விட்டவளுக்குப் பாதி மூச்சில் உறைத்தது. அவன் ஜோடியான அவள் கீழே நிற்கிறாள். அவன் முதுகில் கொக்கியை யார் மாட்டுவார்கள்?

வெளியே ஓடினாள். வெள்ளைத் தூணின் உச்சியில் நாலைந்து கறுப்புச் சதுரங்கள் அசைந்தன. "கொக்கி இல்லாம வராதீங்க" என்று கத்தினாள். வாக்கி-டாக்கியில் காற்றுதான் இரைந்தது. சதுரங்கள் ஒன்றாகி, இரண்டாகி, கொஞ்சம் நின்று, மறுபடி இறங்கின. இந்தக் கண்ணுக்கு ஆள் இறங்குவதும் விழுவதும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. தன் நெஞ்சு நிற்கப்போவது அவளுக்கு மறந்தே போனது. இப்படிப் பயப்படத்தான் இத்தனை வருடம் கழித்துக் காசு கொடுத்து வாங்கினோமா என்று ஓர் எண்ணம் வந்தது, அதையும் பயம் தின்றுவிட்டது.

ஈஸ்வரமூர்த்தி தரையில் குதித்து, உரிந்த உள்ளங்கையை வேட்டைக்காரன் மாதிரி காட்டிச் சிரித்தான். முதுகில் கொக்கி சும்மா ஆடியது. அவள் அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், விடவே முடியவில்லை.

"ஏன் புள்ள இப்படி நடுங்கற?" என்று கேட்டபடியே அவன் கம்பியை மாட்டினான். இரண்டு நிமிடம் இருந்தது. அவள் கண்ணுக்குள் புது வரி வந்தது.

'இந்த இயக்கிக்கு அகநிரல் பதினொன்று தேவை. இணைந்துள்ளவரிடமிருந்து மேம்படுத்தவா?'

"ஆறுக்குன்னு தனியா இருக்கான்னு பாருங்க."

அவன் வலையில் துழாவினான். "இல்லையாமா. இந்த இதயம் வந்ததே பதினொன்னோடதான். பேசாம ஏத்திக்க."

நாற்பது நொடி. அகநிரல் நினைவுகளைத் தொடாது, எல்லாம் ஞாபகம் இருக்கும். ஆனால் பொன்னுச்சாமி விழுந்ததும் ஞாபகம்தானே இருந்தது, அதை வைத்து என்ன செய்தாள்? போல்ட்டுகளுக்கு எண் போடும் பேனாவை எடுத்து இடது உள்ளங்கையில் அழுத்தி எழுதினாள். 'அவர் கொக்கி.' அடியில் இரண்டு கோடு. பிறகு "ஆம்" என்றாள்.

நிறங்கள் திரும்பின. சதுரங்கள் கரைந்து அவன் முகம் வந்தது. இதயம் தன் பெயரைச் சொல்லிக்கொண்டது, மஞ்சள் முக்கோணம் போயிற்று.

"இப்ப எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்குங்க. சும்மா உங்களைக் கீழ இழுத்துட்டேன்."

வேலை பாதியில் கிடந்தது. இருவரும் லிப்டில் ஏறினார்கள். அது காற்றாலையின் கழுத்து வரைதான் போகும், அதற்கு மேல் திறந்தவெளியில் நாற்பது படி ஏணி. அவன் முதலில் ஏறினான். பின்னால் ஏணியைப் பிடிக்கப் போனவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். எழுதியது நினைவிருந்தது, அப்போது கை நடுங்கியதும் நினைவிருந்தது. அதற்குப் போய் இரண்டு கோடு எதற்கு என்றுதான் விளங்கவில்லை. மை படியில் வழுக்கும் என்று தோன்றியது. பேன்ட்டில் நன்றாகத் துடைத்துக்கொண்டாள்.

மேலே அவன் கொக்கி படிக்குப் படி ஏணியில் இடித்துக் கிணுகிணுத்துக்கொண்டே போனது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவளும் ஏறினாள்.