ஏறியிருந்த கொடி

மாளிகையின் உச்சியில் கொடி ஏறியிருந்தது.

ஆபரன் சேற்றுப் பாதையில் அப்படியே நின்றுவிட்டான். பிரபு வீட்டில் இருந்தால்தான் அங்கே கொடி பறக்கும். அப்பாவை இன்று பிற்பகல்தான் தேவாலயத்துக்கு அடியிலிருந்த குடும்பக் கல்லறையில் வைத்தார்கள். இனி பிரபு அவன்தான். அவனோ இன்னும் வாசற்படியைக்கூட மிதிக்கவில்லை.

வழக்கப்படி வாரிசு மட்டும் சவப்பெட்டியோடு நிலவறையில் தங்கி, தனியாக விடைபெற்று மேலே வர வேண்டும். ஈரக் கல்லின் வாடையும் அணைந்த மெழுகுவத்தியின் புகையும் மண்டிய அந்த இருட்டில், அப்பாவின் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில், நாளை தன் பெட்டியை வைக்கவென்று குடைந்து விட்டிருந்த காலி மாடத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றான். அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. மேலே வந்தால் ஒரு ஈ காக்கை இல்லை. புதுப் பிரபுவுக்கு நல்ல மரியாதைதான் என்று நினைத்துக்கொண்டான்.

நிலம், மாளிகை, ஓவியங்கள் எல்லாவற்றையும் விற்றுத் தொலைத்துவிட்டு, பிரிஸ்டலில் இருக்கும் மனைவி இமோஜனிடம் போய்விட வேண்டும். அவனுக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான்.

கதவைத் தட்டினான். பட்லர் டாப்ஸ்காட் இடுக்கு வழியே பார்த்தார்.

"யாருப்பா நீ? எஜமான் துக்கத்துல இருக்காரு. நாளைக்கு வா."

"டாப்ஸ்காட், நான்தான். ஆபரன்."

"சாவு வீட்டுல வந்து விளையாடாத. எஜமான் மாடியில டீ குடிச்சிட்டிருக்காரு. நிலவறையிலேர்ந்து ஏறி வந்தவரை நான்தானே கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். பாவம், கை ஜில்லுன்னு இருந்துச்சு. இமோஜன் எஜமானியம்மாவுக்கும் போன் போட்டுட்டாரு. சாயங்கால ரயில்ல வர்றாங்க."

கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

மாடி ஜன்னலில் திரை விலகியது. அவனுடைய கறுப்புக் கோட்டு. அவனுடைய முகம். விரலில், அப்பாவிடமிருந்து கழற்றி அவனுக்குப் போட்டிருந்த பிரபுக்களின் முத்திரை மோதிரம். அந்த உருவம் அழுதுகொண்டிருந்தது, கண்ணும் மூக்கும் சிவக்க, தாராளமாக.

ஆபரன் தன் விரலைப் பார்த்தான். மோதிரம் இல்லை. அது அழுத்தியிருந்த தடம் மட்டும்.

இமோஜனைத் தடுக்க வேண்டும். கத்த வேண்டும். வாய் திறக்கவில்லை.

கால்கள் திரும்பின. அவன் திருப்பவில்லை. சேறு. தேவாலயம். படிகள். பயமாகக்கூட இல்லை.

மாடத்தில் படுத்தான். அளவு சரியாக இருந்தது. மேலே யாரோ கல்லை இழுத்து மூடினார்கள். தூரத்தில், ஸ்டேஷனுக்குள் நுழையும் ரயில் கூவியது.