கமலாட்சிக்கு ஏற்றிய மெழுகுதிரி

வின்சன் தன் மகளைச் சைக்கிள் பாரில் இருத்தி ஆசுபத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது மத்தியானம் இரண்டு மணி. ஆசுபத்திரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, வன்னியில் போர்க்காலம். கிடுகு வேய்ந்த ஒரு நீளக் கொட்டில், பாதிச் சுவர், வரிசையாகப் பத்துக் கட்டில், அவ்வளவுதான். மழைக்கு முந்திய புழுக்கத்தில் டெற்றோல் மணமும் ஈரச் சாக்கு மணமும் கலந்து கிடந்தன. ஆறு வயது ஜெயரூபினிக்கு முட்டு, இழுப்பு வருத்தம். அவள் இழுக்கிற ஒவ்வொரு மூச்சும் வாசலில் நின்றவர்களுக்குக் கேட்டது.

வின்சனின் வாயில் அப்போதும் பீடி இருந்தது.

“அதை வெளியில எறிஞ்சுபோட்டு வாங்கோ” என்றாள் மிஸி, அங்கிருந்த தாதி.

எறிந்தான். ஆனால் கடைசியாக ஒரு இழுவை இழுத்துவிட்டுத்தான் எறிந்தான். அவன் அப்படிப்பட்ட ஆள். சங்கக்கடை வரிசையில் பீடி பத்துவான், கோயில் முற்றத்தில் பத்துவான், ஆட்கள் நிரம்பி வழியும் பயணிகள் வானுக்குள்ளும் பத்துவான். யாராவது மூக்கைப் பொத்தினால், “புகை மேலதானே போகுது, உங்களுக்கென்ன?” என்று சிரிப்பான். தபசுகாலத்து நாற்பது நாளும் மட்டும் பீடியைத் தொடமாட்டான். செத்துப்போன தகப்பன் பேதுருவுக்கும் அதே வழக்கம் இருந்தது. உயிர்த்த ஞாயிறுப் பூசை முடிந்து வின்சன் வெளியே கால் வைத்ததும், விட்ட நாற்பது நாளையும் அன்றைக்கே ஊதி முடித்துவிடுவான்.

டொக்டர் பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். பிறகு வின்சனின் மஞ்சள் பூத்த விரல்களைப் பார்த்தார்.

“மருந்து நான் தருவன். புகையை நீங்கள்தான் நிப்பாட்ட வேணும். இல்லாட்டி இந்தப் பிள்ளையை நீங்கள் வீட்ட கொண்டுபோகமாட்டியள்.”

பக்கத்தில் மனைவி யூலிற்றா நின்றாள். அவள் பார்த்த பார்வையே போதுமாக இருந்தது. வின்சன் மடியில் இருந்த பீடிக்கட்டை அப்படியே கொண்டுபோய் மலக்கூடக் குழிக்குள் போட்டான். மகள் மேல் அவனுக்கு உயிர். அதில் பொய்யே இல்லை.

முதல் நாள் கராம்பைக் கடித்துக்கொண்டு சமாளித்தான். இரண்டாம் நாள் கை தன்பாட்டில் சட்டைப்பைக்குப் போய்ப் போய் வந்தது. மூன்றாம் நாள் வியர்த்து ஊற்றியது, தலை இடித்தது, காரணமில்லாமல் யூலிற்றாவை ஏசினான். நாலாம் நாள் தேத்தண்ணிக்கடைக்குப் பின்னால் போய் நின்று, யாரோ விட்ட புகையை மூக்கால் இழுத்தான். பிறகு தன்னைத் தானே தூஷணத்தால் ஏசிக்கொண்டு ஓடி வந்துவிட்டான்.

ஐந்தாம் நாள் காலை மகளுக்கு வாங்கிய பணிஸ் ரொட்டியோடு வாட்டுக்குள் நுழைந்தான். முதல் கட்டில் பெண் சேலைத் தலைப்பால் மூக்கை மூடினாள். அடுத்த கட்டில்காரியும் மூடினாள்.

“உங்களுக்கு வெக்கமில்லையே?” மிஸி ஓடி வந்தாள். “வாட்டுக்குள்ள நிண்டு பத்துறியளோ?”

“அந்தோனியார் மேல சத்தியமா மிஸி, அஞ்சு நாளாத் தொடேல்லை.”

யாரும் நம்பவில்லை. யூலிற்றாவும் நம்பவில்லை. அவன் மகளின் கட்டிலுக்குக் குனிந்தான்.

“அப்பா, கதைக்காதேங்கோ” என்றாள் பிள்ளை மெதுவாக.

“ஏன் குஞ்சு?”

“உங்கட வாயால புகை வருது.”

வின்சன் வெளியே ஓடினான். கிணற்றடியில் நின்று உள்ளங்கையில் ஊதி மணந்து பார்த்தான்.

அது பீடி மணமில்லை.

பெற்றோலும் பொசுங்கிய தலைமயிரும் கலந்த மணம். அந்த மணத்தை அவன் ஆயுளில் ஒரே ஒரு நாள்தான் மணந்திருக்கிறான்.

இரண்டு மாதத்துக்கு முந்தி, ஆவணியில் நடந்தது அது. மண்ணெண்ணெயில் ஓடுகிற வான். அந்த நாட்களில் எல்லா வாகனமும் அப்படித்தான். பொருளாதாரத் தடையால் பெற்றோல் மருந்துக்குக்கூடக் கிடைக்காது. சின்னப் போத்தல் ஒன்றில் வைத்திருந்து, எஞ்சினுக்குள் சில துளி விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். முள்ளியவளைக்கு வரும் வழியில் வான் நின்றுபோனது. டிரைவர் பரமலிங்கம் முன்சீற்றைத் தூக்கி எஞ்சினைத் திறந்தான். திறந்த போத்தலை, பின்னால் குழந்தையோடு இருந்த ஒரு பெண்ணிடம், “ஒருக்காப் பிடியுங்கோ” என்று நீட்டினான். அவள் கமலாட்சி, தேயிலைத் தோட்டத்துப் பக்கமிருந்து வந்து வன்னியில் கூலி வேலை செய்து பிழைத்த குடும்பத்துப் பெண். அவளுக்குப் பக்கத்தில் வின்சன் பீடியோடு இருந்தான்.

“அணைச்சிருங்கண்ணே” என்றாள் அவள். “கையில பெற்றோல் இருக்கு.”

“முடிஞ்சுது, முடிஞ்சுது. கடைசி இழுவை.”

அந்த இழுவையில் ஒரு பொறி உதிர்ந்தது. வின்சன் கதவால் வெளியே பாய்ந்தான். அவள் குழந்தையை ஜன்னலால் வெளியே எறிந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அவள் வெளியே வரவில்லை. இழுத்து எடுத்தபோது உயிர் இருந்தது. மூன்று நாள் கிடந்து செத்தாள்.

விசாரித்தவர்களிடம் வின்சன் சொன்னான்: “டிரைவர்தான் கொதிச்ச எஞ்சினில பெற்றோலைச் சிந்தினவன். நான் கண்ணால பாத்தனான்.” கையிரண்டும் வெந்திருந்த பரமலிங்கத்தின் பேச்சை யாரும் கேட்கவில்லை. அவன் பிறகு வான் ஓட்டவே இல்லை. ஊரில் யாரும் அவன் முகம் பார்க்கவும் இல்லை.

கிணற்றடியிலிருந்து வின்சன் நேரே கோயிலுக்குப் போனான். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலில் நின்று எல்லாவற்றையும் கொட்டினான். சுவாமியார் வலைத்தட்டிக்குக் கிட்டக் குனிந்தார்.

“செபம் சொல்லி இதிலயிருந்து தப்ப ஏலாது, வின்சன். அந்தப் பெண்ணின்ர மனுசனிட்டப் போ. டிரைவரையும் வைச்சுக்கொண்டு உண்மையைச் சொல்லு.”

“ஓம் சுவாமி” என்றான். போகவில்லை. எப்படிப் போவது? ஊர் காறித் துப்பாதா? இரண்டு நாள் யோசித்து, தனக்கு வசதியான ஒரு வழியைக் கண்டுபிடித்தான். நவம்பர் இரண்டாம் திகதி, மரித்த ஆத்துமாக்களின் திருநாள். சேமக்காலை முழுக்க மெழுகுதிரி எரியும். ஒரு கல்லறையில் திரி கொளுத்தி வைப்பதைவிடப் பெரிய மரியாதையை அவனுடைய ஆட்கள் இறந்தவருக்குச் செய்வதில்லை. மெழுகுதிரி கிடைக்காத காலம். தகப்பன் பேதுருவின் கல்லறைக்கு என்று வைத்திருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு கமலாட்சியின் குழியைத் தேடிப் போனான்.

நெருப்பில் வெந்து செத்தவளுக்கு நெருப்பைக் கொண்டுபோகிறோம் என்பது அந்த மடையனின் புத்தியில் உறைக்கவே இல்லை.

பின்னேரம் ஐந்து மணி இருக்கும். காட்டோரம் ஒரு மண்மேடு. அதைச் சுற்றித் தண்ணீர் நிரப்பிய சிரட்டைகள், வெட்டி வைத்த ஒரு இளநீர். விளக்கில்லை, சாம்பிராணி இல்லை, கற்பூரம் எரித்த கறுப்புக்கூட இல்லை. ஒரு குருவிச் சத்தமும் இல்லை.

திரியை நட்டான். நெருப்புக்குச்சியைக் கிழித்தான்.

முதல் கிழிப்பிலேயே பற்றியது.

அவன் முதுகுப்பக்கமிருந்து நல்ல காற்று வீசிக்கொண்டிருந்தது. சுடர் அவனை விட்டு அப்பால் சாய்ந்திருக்க வேண்டும். அது காற்றுக்கு எதிராக, அவன் முகத்தைப் பார்த்துச் சாய்ந்தது.

“ஐயா! ஐயா, வேணாங்க!”

கையில் தண்ணீர்க் குடத்தோடு ஒரு மெலிந்த மனிதன் ஓடி வந்தான். கமலாட்சியின் புருஷன் ராசு.

“அவளுக்கு நெருப்புக் காட்டாதீங்க ஐயா. செத்த நாள்லயிருந்து நாங்க வீட்டுல வெளக்குக்கூட ஏத்துறதில்ல. தண்ணி மட்டுந்தான் வைக்கிறோம்.” குடத்தைச் சரித்துத் திரியின் மேல் ஊற்றினான். தண்ணீர் மண்ணில் ஓடியது. சுடர் எரிந்துகொண்டே இருந்தது.

ராசு பின்னால் நகர்ந்தான். அவன் குரல் அடங்கிப்போனது.

“நீங்க யாருங்க? அவளை எப்படித் தெரியும்?”

“அண்டைக்கு அந்த வானில வந்தனான்.”

“அப்ப நீங்க பாத்திருப்பீங்க. டிரைவரு ஊத்தித்தான் புடிச்சுதாங்க? நெஜத்தைச் சொல்லுங்க ஐயா. எனக்கு ராவெல்லாம் தூக்கமில்ல.”

கேட்டுவிட்டான். இதைவிட ஒரு நல்ல வாய்ப்பு வின்சனுக்கு எப்போது வரும்? ஒரு சொல் போதும். நாக்கு நுனிவரை வந்தது.

சுடர் அசையாமல் நின்றது, காது கொடுப்பதுபோல.

“ஓம்” என்றான் வின்சன். “டிரைவர்தான். நான் பாத்தனான்.”

சுடர் அணைந்தது.

யாரும் ஊதவில்லை. புகையும் எழவில்லை. மண்ணுக்குள்ளிருந்து, மிகக் கிட்ட, ஒரு பெண் நெடுமூச்சு விட்ட சத்தம் கேட்டது. இருவருமே கேட்டார்கள். ராசு குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடினான்.

வீடு திரும்பும் வழியில் வின்சனுக்கு ஒரு ஆச்சரியம். வாயில் அந்த மணம் இல்லை. பீடி ஆசையும் இல்லை. இருபது வருஷத்து ஆசை, துடைத்து வைத்ததுபோல அடியோடு போயிருந்தது. தேத்தண்ணிக்கடையில் நாலுபேர் பத்திக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு அது எதுவும் செய்யவில்லை. மன்னித்துவிட்டாள் என்று நினைத்து, சைக்கிளில் அழுதுகொண்டே போனான்.

மறுநாள் வாட்டில் ஜெயரூபினி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். மூச்சில் சத்தமே இல்லை. மகளைத் தூக்கக் கையை நீட்டிக்கொண்டு போனான்.

ஒரு முழம் இருக்கும்போது அவளுக்கு மூச்சு நின்றது.

உதடு நீலமாகி, கண் செருகியது. மிஸி அவனைப் பிடித்துத் தள்ளினாள். தள்ளிய மாத்திரத்தில் பிள்ளைக்கு மூச்சு வந்தது. திரும்பக் கிட்டப் போனான். திரும்ப நின்றது. பின்னால் போனான், வந்தது. டொக்டர் அவன் வாயை, கையை, சட்டையை மணந்து பார்த்தார்.

“ஒரு மணமும் இல்லையே” என்றார் குழப்பத்தோடு.

அன்றைக்கு ஒரு முழம். மறு கிழமை கட்டிலிலிருந்து வாசல்வரை. பிள்ளையை முள்ளியவளை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வாசலிலிருந்து கிணறு. மார்கழி நத்தார்த் திருநாளுக்கு அவன் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் அவளுடைய புதுச்சட்டையைப் பார்த்தான். அவள் கையசைத்தாள். அவன் ஒரு அடி முன்வைத்தான். அசைந்த கை நெஞ்சைப் பிடித்தது.

தூரம் கூடிக்கொண்டே வந்தது.

மாசியில் வின்சனால் தாங்க முடியவில்லை. பஸ் நிற்கிற சந்தியில், அத்தனை சனத்துக்கும் நடுவில், பரமலிங்கத்தின் வெந்த கைகளைப் பிடித்துக்கொண்டு உண்மையைக் கத்திச் சொன்னான். பரமலிங்கம் வாய்விட்டு அழுதான். யாரோ வின்சனை அடித்தார்கள். வாங்கிக்கொண்டான். பிறகு ராசுவின் கொட்டிலுக்குப் போய் முற்றத்தில் விழுந்தான்.

“அவவைச் சமாதானப்படுத்து ராசு. நீ சொன்னாக் கேப்பா. என்ர பிள்ளையைத் தொட்டு மூண்டு மாதம்.”

ராசு கொட்டில் வாசலில் வந்து நின்றான். இடுப்பில் அந்தக் குழந்தை இருந்தது.

“நான் மன்னிச்சுட்டேங்க ஐயா” என்றான். “ஆனா செத்தது நான் இல்லியே.”

அதன் பிறகு வின்சன் ஊரில் இருக்கவில்லை. எந்தத் தெருவும் ஏதோ ஒரு காவலரணில் முடிந்த காலம். அவனுக்குத் தெரிந்த நீண்ட தூரம் கடல் ஒன்றுதான். முல்லைத்தீவுக் கரையில் ஒரு ஆளில்லாத மீன்பிடி வாடிக் கொட்டிலில் தனியே தங்கினான். மீன் வாங்க வருகிற விஜிதரன் மூலமாக வீட்டுச் செய்தி வரும். பிள்ளை சுகம். பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள். பிள்ளை ஓட்டப் போட்டியில் முதலாவதாம். கேட்டுவிட்டு வின்சன் மணலில் குப்புறப் படுத்துக் கிடப்பான். பீடி இல்லாமல், ஒரு பிசாசு ஆசையும் இல்லாமல், அவன் வாழ்நாளிலேயே மிகச் சுத்தமான மூச்சை இழுத்துக்கொண்டு கிடப்பான்.

வைகாசியில் ஒரு காலை. வெயில் நல்லாய் ஏறிவிட்டது. விஜிதரன் யூலிற்றாவின் துண்டுக் கடிதத்தைத் தந்துவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான்.

‘பிள்ளைக்கு நேற்றுத் துவங்கித் திரும்பவும் முட்டு. ஆசுபத்திரியில கைவிட்டிட்டினம். நீங்கள் எங்க நிக்கிறியள்? கிட்ட வந்தனீங்களோ? உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், தூரப் போங்கோ.’

அவன் ஒரு கிழமையாக வாடியை விட்டு அசையவில்லை. தூரம்தான் வாடிவரை வந்துவிட்டிருந்தது.

வின்சன் எழுந்து நீரோரம் வந்தான். கரையில் இருந்த ஒரே வள்ளமும் விடியவே தொழிலுக்குப் போயிருந்தது. முள்ளியவளைப் பக்கம் முகத்தைத் திருப்பி, முதுகுப்பக்கமாக ஒரு அடி வைத்தான். அலை முழங்காலை நனைத்தது. இன்னொரு அடி. இடுப்பு.

கரையில் ஒரு சனமில்லை. நீரோர ஈரமணலில் அவனுடைய காலடி மட்டும்தான் இருந்தது.

அவன் காதுக்கு மிகக் கிட்ட, நெரிசலான வானுக்குள் இடம் கேட்கும் மரியாதையோடு, ஒரு குரல் சொன்னது:

“இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்கண்ணே.”